பூனைக்குச் சின்னக் காயம்: அறிகுறியைப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டியவை

சிங்காரம் என்று எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தான். ஒரு தை மாதத்து இரவு, பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் பெரிய சண்டை. விடிந்து வந்தவனின் கன்னத்தில் மிளகளவு ஒரு துளை, ரத்தம்கூட இல்லை. மஞ்சளைக் குழைத்து வைத்தேன். வழக்கம்போல் சோறும் மீனும் தின்றான். மறுநாள் துளை மூடியிருந்தது, ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் கன்னம் எலுமிச்சம்பழம் போல உப்பியது, தொட்டால் சுட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மருத்துவர் கீறிச் சீழை எடுத்தார். “மேலே மூடினதைப் பார்த்து ஆறிப்போச்சுன்னு நினைச்சிட்டீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு பல பூனைகளுக்குப் பல காயங்கள் பார்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எதை வீட்டில் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை மருத்துவர்களிடம் கேட்டும் பூனைகளிடம் பட்டும் கற்றுக்கொண்டதை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில்: இது வீட்டில் பார்க்கும் காயமா?

காயத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கே பட்டது, எதனால் பட்டது என்று பாருங்கள்.

நாய் கவ்விய பூனை என்றால், தோலில் ஒரே ஒரு பல்தடம் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாய் கவ்வினால் உதறும். அந்த உதறலில் தோல் கிழியாமலே உள்ளே தசை நசுங்கும், விலா எலும்பு முறியும், வயிற்றுக்குள் கிழியும். நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள எந்தத் துளையும் வீட்டு விஷயம் இல்லை. கண்ணில் பட்ட அடியும் அப்படியே. ஒரு நாள் தள்ளினால் பார்வையே போய்விடலாம். மாடியிலிருந்து விழுந்தது, வண்டியில் அடிபட்டது என்றால் வெளியே சிராய்ப்பு மட்டும் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

அடுத்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, உடம்பு ஜில்லென்று இருந்தாலோ காயத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டியைப் பிடியுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு 20 முதல் 30 முறை மூச்சு விடும். 40-ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை.

3 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காது. குட்டியை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

மருந்துக்கடையில் ‘நார்மல் சலைன்’ பாட்டில், 20 மி.லி. சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்), காஸ் துணி, கையுறை, போவிடோன் அயோடின் கரைசல். இவ்வளவு போதும். பஞ்சு வேண்டாம், இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சலைன் இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்புப் போட்டுக் கலக்குங்கள். கல் உப்பை அதே கரண்டியால் அளந்தால் அளவு தப்பும். அதிக உப்பு போட்டால் சீக்கிரம் ஆறும் என்பதில்லை. எரியும், அடுத்த முறை பூனை கைக்கு வராது.

அயோடினைப் புட்டியிலிருந்து அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, பால் சேர்க்காத லேசான தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தடவிச் சில நிமிடம் கழித்துச் சுற்றியுள்ள முடியில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் நக்கிவிடும்.

வைக்கக் கூடாதவையின் பட்டியல்தான் நீளம். காரணத்தோடு சொல்கிறேன், காரணம் தெரிந்தால்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லும்போது மறுக்க முடியும்.

டெட்டாலும் தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு விஷம். இந்த வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலை நம் கல்லீரலில் எளிதாக நடக்கிறது. பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி போதிய அளவு இல்லை. தோலில் தடவியது நாக்கு வழியாக உள்ளே போகும். பாராசிட்டமால் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். வலிக்கிறதே என்று கால் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 500 மி.கி. மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரைகூட ரத்தத்தைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகம் வீங்கி, மூச்சு திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். மாற்று மருந்து உண்டு, அது முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவது போல இருக்கும். புதிதாக வளரும் தசையையும் சேர்த்து அரிக்கும். ஸ்பிரிட்டும் அப்படித்தான். கற்பூரம் கலந்த தைலம், வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் நக்கினால் நடுக்கமும் எச்சிலும் வரவைக்கும். ரத்தம் நிற்கக் காப்பிப்பொடி, சுண்ணாம்பு வைப்பது இன்னும் மோசம். ஒன்று விஷம், மற்றது சுடும்.

மஞ்சள்? நம் கை முதலில் அங்கேதான் போகும், அதனால் தனியாகச் சொல்கிறேன். மேலோட்டமான சிராய்ப்பில் கொஞ்சம் மஞ்சள் பட்டால் பூனை செத்துப்போகாது. துளைக் காயத்தில் அது ஓட்டையை அடைக்கும் களிமண்ணாகிவிடும். உள்ளே இருக்கும் அழுக்கு வெளியேற வழியில்லாமல் போகும். காயத்தின் நிறத்தையும் மறைக்கும். சிவக்கிறதா, பச்சை பாய்கிறதா என்று பார்க்கவே முடியாது. சிங்காரத்துக்கு நான் செய்த தவறு அதுதான்.

பிடிக்கவே விடவில்லை

வலியில் இருக்கும் பூனை தன்னை வளர்த்த கையையும் கடிக்கும். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கனமான குளியல் துண்டை விரித்து நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இறுக்கிச் சுற்றித் தலை மட்டும் வெளியே வரும்படி வையுங்கள். காயமுள்ள காலை மட்டும் வெளியே எடுக்கலாம். அறைக் கதவையும் சன்னலையும் முதலிலேயே சாத்துங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் கழுவ, 5 நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்குமேல் திமிறினால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப முயலலாம்.

ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது

மடித்த காஸ் துணியையோ துவைத்த கைக்குட்டையையோ வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைய ஆரம்பித்தது பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். 10 நிமிடத்திலும் நிற்காவிட்டால், அல்லது துடிப்போடு பீறிட்டால், அழுத்தியபடியே மருத்துவரிடம் போங்கள். கயிறு கட்டி இறுக்குவது வேண்டாம்.

நகம் உடைந்து ரத்தம் வந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் தானாக நிற்கும். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் ரத்தக் குழாய் ஓடுகிறது, அது அறுந்திருக்கும். நுனியைச் சோளமாவில் அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள். பாதி உடைந்து தொங்கும் நகத்தைப் பிடுங்கிவிட வேண்டாம், வலி தாங்காது. மருத்துவர் வெட்டிவிடுவார்.

காது கிழிந்தாலும் நிறைய ரத்தம் வரும். பூனை தலையை உதற உதறச் சுவரெல்லாம் தெறிக்கும். காதின் இருபுறமும் துணி வைத்து விரல்களுக்கிடையில் பிடித்துக்கொள்ளுங்கள். காது மடல் சின்னத் தலையணை போல உப்பினால் அது காயம் இல்லை, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. பெரும்பாலும் காதுப்பூச்சி அரித்துச் சொறிந்ததால் வரும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் அதுதான் காரணம்.

சின்னத் துளை, ரத்தமே இல்லை

இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. ஆழமாக இறங்கும், மேலே மிளகளவு தடம்தான் விடும். பூனையின் தோலோ தளர்வானது. பல் வெளியே வந்ததும் தோல் நகர்ந்து அடியில் உள்ள துளையை மூடிவிடும். கடித்த பூனையின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே அடைபடும். மேல்தோல் ஓரிரு நாளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சீழ் பிடிக்கும்.

சண்டை நடந்தது தெரிந்தால், காயம் தெரியாவிட்டாலும் உடம்பு முழுவதும் தேடுங்கள். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும் கடி இருக்கும். ஓடிய பூனைக்கு வாலடியிலும் தொடையிலும் இருக்கும். முடிக்கு எதிராக விரலை ஓட்டுங்கள். ஈரமாகவோ, முடி கொத்தாக ஒட்டியோ, தொட்டதும் முதுகுத்தோல் துடித்தாலோ அங்கேதான்.

கண்டுபிடித்ததும் சுற்றியுள்ள முடியை ஒதுக்க வேண்டும். கத்தரிக்கோலை நேராக வைத்து வெட்டாதீர்கள். பூனையின் தோல் முடியோடு தூக்கிக்கொண்டு வந்து மாட்டும், நன்றாக இருந்த இடத்திலும் கிழித்துவிடுவீர்கள். தோலை ஒட்டி ஒரு சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே நிற்கும் முடியை மட்டும் வெட்டுங்கள். அப்புறம் சிரிஞ்சில் வெதுவெதுப்பான சலைன் எடுத்து, துளையை நோக்கிப் பீய்ச்சுங்கள். ஒரு சிரிஞ்ச் போதாது. 100 மி.லி. வரைக்கும் ஊற்றலாம். தேய்ப்பதை விட இந்த ஓட்டம்தான் அழுக்கை வெளியே கொண்டுவரும். நீர்த்த அயோடின் ஒரு தடவை. அவ்வளவுதான். களிம்பு போட்டு அடைக்க வேண்டாம், கட்டும் போட வேண்டாம்.

அடுத்த 5 நாளும் காலையும் மாலையும் கழுவி, பொருக்கு வந்தால் சலைனில் நனைத்த காஸ் துணியை வைத்து ஊறவிட்டு மெதுவாக எடுங்கள். பொருக்கை எடுக்கலாமா என்று தயங்குவீர்கள். சிராய்ப்பில் பொருக்கு காவல். துளைக் காயத்தில் அது மூடி. உள்ளேயிருந்து ஆறி மேலே வர வேண்டும்.

சண்டைக் கடி என்று உறுதியாகத் தெரிந்தால், வீங்கும் வரை காத்திராமல் முதல் நாளே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அன்றைக்கே தொடங்கும் ஆன்டிபயாடிக் பல சமயம் சீழே வராமல் தடுத்துவிடும். போன முறை மிஞ்சிய மாத்திரையையோ நம் வீட்டு மாத்திரையையோ நீங்களே கொடுக்க வேண்டாம். பூனைக்கு மருந்தும் அளவும் வேறு.

மூன்று நான்கு நாளில் வீங்கிச் சுடுகிறது

சீழ்க்கட்டிதான். பூனை சாப்பிடாது, தூங்கிக்கொண்டே இருக்கும், வீக்கத்தைத் தொட்டால் சீறும். அதன் சாதாரண உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கைக்கு எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை அடுத்த நாளுக்குத் தள்ளக் கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறித் தனி நோயாகிவிடும்.

உடையாத கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சீழ் உள்ளே பரவும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சுடாத சூட்டில் 5 நிமிடம் ஒத்தடம் கொடுத்தபடி, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சில சமயம் நாம் பார்ப்பதற்கு முன்பே அது உடைந்து, நாற்றத்தோடு சீழும் ரத்தமும் வடிந்திருக்கும். பார்க்கப் பதறினாலும் பூனைக்கு அப்போதே வலி குறைந்து, சாப்பிட வந்துவிடும். சலைனால் நன்றாகக் கழுவி, ஒத்தடம் கொடுத்து, ஓட்டை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உடைந்துவிட்டதே, இனி தேவையில்லை என்று நின்றுவிடுபவர்களின் பூனைக்குத்தான் இரண்டு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வீங்குகிறது.

சண்டைக் கடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ் போன்ற எஃப்.ஐ.வி. வைரஸ் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது. மனிதருக்குத் தொற்றாது. அடிக்கடி சண்டைக்குப் போகும் கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் அலைச்சலும் சண்டையும் வெகுவாகக் குறையும். சிங்காரத்துக்குச் செய்த பிறகு அவன் ஓட்டுக்கே போகவில்லை, திண்ணையோடு சரி.

நொண்டுகிறது

பாதத்தைத் திருப்பி ஒவ்வொரு விரலிடுக்கையும் பாருங்கள். கண்ணாடிச் சில்லு, முள், நூல், ரப்பர் பேண்டு. மேலாக நிற்கும் முள்ளைச் சாமணத்தால் எடுக்கலாம். ஆழமாகப் போனதைத் தோண்டாதீர்கள். காலில் மாஞ்சா நூலோ ரப்பர் பேண்டோ இறுகியிருந்தால், முடிக்குள் மறைந்து, பார்க்கும்போது கால் வீங்கியது மட்டும் தெரியும். அது தோலுக்குள் புதைந்திருந்தால் வெட்ட முயலாமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

உள்ளங்கால் மெத்தையில் வெட்டு பட்டால் ஆற நாளாகும். ஒவ்வொரு அடிக்கும் திறந்துகொள்ளும். மலம் கழிக்க வைத்திருக்கும் தொட்டியில் மணலை மாற்றி ஒரு வாரத்துக்குக் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள். மணலும் களிமண் கட்டியும் வெட்டுக்குள் போய் ஒட்டும்.

கட்டுப் போடலாமா? முடிந்தவரை வேண்டாம். நனைந்த கட்டு புண்ணைப் புழுங்க வைக்கும், இறுகிய கட்டு காலையே கெடுக்கும். மருத்துவமனைக்குப் போகும்வரை ரத்தம் நிற்கப் போடுவதானால், கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரிய வேண்டும். அந்த விரல்கள் அகன்று வீங்கினாலோ ஜில்லென்று ஆனாலோ அவிழ்த்துவிடுங்கள்.

நக்கி நக்கிப் பெரிதாக்குகிறது

பூனை நக்கினால் ஆறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன, நம் நகத்தின் பொருளாலேயே ஆனவை. முடியைக் கோதுவதற்கு அருமையான சீப்பு. புதுத்தோலுக்கு அரம். இரண்டு முறை நக்குவதில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து அரை மணி நேரம் நக்கினால் காலணா அளவுப் புண் உள்ளங்கை அளவாகும்.

கழுத்தைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கடைகளில் கிடைக்கும். வாங்கும்வரை தடிமனான அட்டையில் வட்டம் வெட்டி, நடுவில் கழுத்தளவு ஓட்டை போட்டு, விளிம்பில் துணி ஒட்டி மாட்டலாம். முதல் நாள் பின்னாலேயே நடக்கும், சுவரில் மோதும், பரிதாபமாக இருக்கும். கழற்றிவிடாதீர்கள். சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டுங்கள். ஒரு நாளில் பழகிவிடும். வயிற்றுப் புண்ணுக்குக் குழந்தைகளின் பழைய பனியனை வால் வெளியே வரும்படி மாட்டினாலும் போதும்.

நாற்றம், உள்ளே ஏதோ நெளிகிறது

புழு வைத்துவிட்டது. மழைக்காலத்திலும் வெயிலிலும் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். முடியில் அரிசிக்குருணை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். சீப்பால் சீவி எடுங்கள். புழுவே தெரிந்தால், மேலே உள்ளதைச் சாமணத்தால் எடுத்துச் சலைன் பீய்ச்சிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும், வீட்டில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது.

மாட்டுக்கு ஊற்றும் டர்பன்டைன், மண்ணெண்ணெய், மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் பூச்சி மருந்து இவற்றைப் பூனைமேல் படவிடக் கூடாது. குறிப்பாக நாய் உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும்.

சூடு பட்டது

அடுப்பு, சைலன்ஸர், கொதிக்கும் கஞ்சி. குழாய்த் தண்ணீர் மெதுவாக ஓட, 10 முதல் 20 நிமிடம். பனிக்கட்டி, நெய், பற்பசை, மை எதுவும் வேண்டாம். சூட்டுப் புண் முதல் நாள் முடிக்கடியில் ஒன்றும் இல்லாதது போல இருந்து, இரண்டு மூன்று நாளில் முடி கொட்டும்போதுதான் உண்மையான அளவைக் காட்டும். அதனால் உள்ளங்கையில் பாதி அளவு பட்டாலும் காட்டிவிடுங்கள்.

அடிபடவே இல்லை, ஆனால் பொருக்குகள்

எல்லாப் புண்ணும் காயம் இல்லை. முதுகிலும் கழுத்திலும் தினை தினையாகப் பொருக்கு தட்டுப்பட்டால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையாக இருக்கலாம். எத்தனை களிம்பு போட்டாலும் தெள்ளு போகாமல் ஆறாது. வட்டமாக முடி உதிர்ந்து ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. வீட்டில் குழந்தைகளுக்கும் ஒட்டும், கையுறை போடுங்கள். தாடையில் கறுப்புப் புள்ளிகள் என்றால் முகப்பரு போன்றது. பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றி எவர்சில்வர் வைத்து, தினம் கழுவிப் பாருங்கள்.

பத்து நாள் ஆகியும் ஆறவில்லை

சாதாரணச் சிராய்ப்பு மூன்றாம் நாள் காய்ந்து, ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். 10 நாளிலும் ஈரமாகவே இருந்தால், அல்லது ஆறி ஆறித் திறந்தால், உள்ளே ஏதாவது இருக்கிறது: ஒடிந்த பல், முள், துணி நூல். அல்லது எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது, எஃப்.ஐ.வி., பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் லுகேமியா வைரஸ் இரண்டுக்கும் சோதனை தேவைப்படலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் புண் வெடித்துக்கொண்டே போனால் பூஞ்சைத் தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் காதுள்ள பூனையின் காது நுனியில் ஆறாத பொருக்கு இருந்தால் தாமதிக்க வேண்டாம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்குகிறது. சீக்கிரம் பிடித்தால் நுனியை வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

பணம்தான் தடை என்றால், அரசு கால்நடை மருந்தகங்கள் ஆடு மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், பூனையையும் கொண்டுபோகலாம். சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. பூனைக் கூடை இல்லாவிட்டால் ஜிப் வைத்த பையில் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கொண்டுபோகலாம். போகும்போது அடிபட்ட நாளையும் வீட்டில் வைத்த மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காயத்தைத் தினமும் அலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கடித்தது எது என்று தெரியவில்லை, என்னையும் கீறிவிட்டது

தெரு நாயோ, தெரியாத பூனையோ, கீரியோ, குரங்கோ கடித்திருந்தால் வெறிநாய்க்கடி நோயை, அதாவது ரேபிஸை, நினைக்க வேண்டும். கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரால் முடிந்தவரை நீண்ட நேரம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வருடாந்தரத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு மீண்டும் போட வேண்டும். போடாத பூனையானால் எத்தனை ஊசி, எத்தனை நாள் தனியாக வைப்பது என்று அவர் சொல்வார். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி.

உங்களைக் கடித்தாலோ ரத்தம் வரும்படி கீறினாலோ, அது எவ்வளவு செல்லமான பூனையாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடுவார்கள். ஒன்றையும் விடக் கூடாது. டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ பூனைப்பல் இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பூனைக்குச் சீழ் பிடிப்பது போலவே நம் மூட்டிலும் பிடிக்கும், ஒரே நாளில் வீங்கிச் சிவந்துவிடும். ஓரிரு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால், பூனை கீறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.